எங்கட வீடு ஏன் புத்தகத்தில இல்ல?

கேள்வி:

நான் உப்புவெளிப் பக்கம் இருக்கிறேன். வயது 43. தையல் வேலை செய்கிறேன். வீட்டில் நான், என் சிநேகிதி, ஐந்து வயது மகள் என்று மூன்று பேர். மகள் என் வயிற்றில் பிறந்தவள் இல்லை, என் தங்கையின் பிள்ளை. தங்கை குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகும்போது பிள்ளைக்கு ஒன்றரை வயது. பிள்ளையின் அப்பா அதற்கு முதலே விட்டுவிட்டுப் போய்விட்டார், தொடர்பு இல்லை. சிநேகிதியும் நானும் 2006 இல் மூதூர்ப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது பழகினோம். அன்றிலிருந்து ஒன்றாகத்தான் இருக்கிறோம். மகள் என்னை அம்மா என்பாள், சிநேகிதியைப் பெரியம்மா என்பாள், தங்கையைக் குவைத் அம்மா என்பாள். வெள்ளிக்கிழமைகளில் தங்கை வீடியோவில் கதைப்பாள். நாங்கள் வேலையாய் இருக்கும் நேரம் பக்கத்து வீட்டு மூத்தம்மாதான் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்.

போன மாதம் முன்பள்ளியில் குடும்பத்தைக் கீறச் சொல்லியிருக்கிறார்கள். மகள் எங்கள் எல்லோரையும் மூத்தம்மாவையும் கீறியிருக்கிறாள். ரீச்சர் கோபிக்கவில்லை. “அப்பாவையும் கீறுங்கோ குஞ்சு” என்று மட்டும் சொன்னாராம். ஓரத்தில் மீசை வைத்து ஒருவரைக் கீறிக்கொண்டு வந்தாள். இரவு படுக்கும்போது “அம்மா, இது ஆர்?” என்று கேட்டாள். பிறகு, “எங்கட வீடு ஏன் புத்தகத்தில இல்ல?” என்றும் கேட்டாள்.

எங்களைப் போன்ற வீடுகள் வரும் படக்கதைப் புத்தகங்கள் இருக்கின்றனவா? அவற்றை வாசித்துக் காட்டலாமா? “அதையெல்லாம் வாசிச்சா பிள்ளைக்கு இல்லாத குறைதான் ஞாபகம் வரும்” என்று அண்ணன் சொல்கிறார்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருகோணமலை

சிறுவர் நூலகரின் பதில்:

அன்புச் சகோதரிக்கு,

வாசித்துக் காட்டுங்கள். தயங்கவே வேண்டாம். உங்கள் அண்ணன் பிள்ளை மேல் உள்ள பாசத்தில்தான் அப்படிச் சொல்கிறார். ஆனால் குறை என்ற எண்ணம் உங்கள் மகளுக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. அவள் தன் வீட்டை முழுதாகத்தான் கீறினாள். இன்னும் ஒருவர் வேண்டும் என்று வெளியிலிருந்து சொன்ன பிறகுதான் அந்த மீசைக்காரர் வந்தார். ஐந்து வயது என்பது எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வயது. யாரைக் கூட்டிக்கொண்டு போக யார் வருகிறார்கள், யார் யாரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் அவர்கள் கண்ணில் படும். நாம் பேசாமல் இருந்தால் பிள்ளையும் யோசிக்காமல் இருக்கும் என்று நினைப்பது சரியில்லை. தனியாக யோசிக்கும், அவ்வளவுதான்.

புத்தகத்துக்குப் போகுமுன் அந்த மீசைக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. “இது ஆர்?” என்ற கேள்விக்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எழுதவில்லை. இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்றால் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “உனக்கும் ஒரு அப்பா இருக்கிறார். அவர் எங்களோட இல்ல. அவர் போனது உன்னால இல்ல. உன்னைப் பார்க்க நான் இருக்கிறன், பெரியம்மா இருக்கிறா, குவைத் அம்மா இருக்கிறா.” இவ்வளவு போதும். மேலே கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். “அவர் போனது உன்னால இல்ல” என்ற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். இந்த வயதுப் பிள்ளைகள் நடந்ததற்கெல்லாம் தாங்களே காரணம் என்று நினைத்துக்கொள்வார்கள், அதை வெளியே சொல்லவும் மாட்டார்கள். இன்னொன்று: அப்பா வெளிநாடு போயிருக்கிறார் என்று சொல்லிச் சமாளிக்க வேண்டாம். உங்கள் மகளைப் பொறுத்தவரை வெளிநாடு போனவர் வெள்ளிக்கிழமை வீடியோவில் வருவார், ஒருநாள் பெட்டியோடு வீட்டுக்கும் வருவார். அப்பாவும் வெளிநாட்டில் என்றால், இவர் மட்டும் ஏன் கூப்பிடுவதில்லை என்ற கேள்வியோடு அவள் காத்திருக்கத் தொடங்கிவிடுவாள்.

சரி, இனிப் புத்தகங்கள்.

ருடீன் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1990 இல் எழுதிய ஒரு சிறிய கட்டுரையை எங்கள் துறையில் இன்றும் எடுத்துப் பேசுகிறோம். புத்தகம் சில பிள்ளைகளுக்குத் தங்களையே காட்டும் கண்ணாடி, வேறு சிலருக்கு மற்றவர் வாழ்வைக் காட்டும் ஜன்னல், சில நேரம் அது திறந்து உள்ளே போகக்கூடிய கதவு என்று அவர் எழுதினார். புத்தகங்களில் தங்களைக் காண முடியாத கறுப்பினப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது அது. உங்கள் மகள் கேட்டதும் அதே கேள்விதான். அப்பா, அம்மா, அண்ணன், தங்கை என்று இருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி நிறையவே கிடைக்கிறது, ஜன்னல்தான் குறைவு. உங்கள் மகளுக்கு அது தலைகீழாக இருக்கிறது.

வேறு மாதிரியான குடும்பங்கள் வரும் படக்கதைகள் இரண்டு விதமாக எழுதப்படுகின்றன. ஒன்று, அந்தக் குடும்பத்தையே விஷயமாக எடுத்து விளக்குவது. மற்றது, குடும்பம் அது பாட்டுக்கு இருக்க, கதை வேறு எதையாவது பற்றிப் போவது. இரண்டாவது வகையைத்தான் முதலில் தேடுங்கள் என்பேன்.

வேரா பி. வில்லியம்ஸ் எழுதிப் படமும் வரைந்து 1982 இல் வெளிவந்த ‘எ செயார் ஃபோர் மை மதர்’ என்ற புத்தகத்தைப் பாருங்கள். ஒரு சிறுமி, உணவுக் கடையில் பரிமாறும் வேலை செய்யும் அம்மா, அம்மம்மா. மூன்றே பேர். அப்பா எங்கே என்று புத்தகம் சொல்வதும் இல்லை, அதற்காக வருத்தப்படுவதும் இல்லை. வீடு தீப்பிடித்து எல்லாம் போய்விடுகிறது. புது வீட்டுக்கு வரும்போது அக்கம்பக்கத்தார் ஆளுக்கொன்று கொண்டு வருகிறார்கள். எதிர்வீட்டுக் குடும்பம் ஒரு மேசையும் மூன்று கதிரையும் தருகிறது, பக்கத்து வீட்டுக் கிழவர் ஒரு கட்டில் தருகிறார், அம்மாவின் முதலாளி பானை சட்டி தருகிறார். வேலை முடிந்து கால் வலிக்க வரும் அம்மா சாய்ந்து உட்கார ஒரு நல்ல கதிரை மட்டும் இல்லை. அதற்காகப் பெரிய போத்தல் ஒன்றில் சில்லறை சேர்க்கிறார்கள். கதை அந்தக் கதிரையைப் பற்றியது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் ஊரில் பாய், சட்டி, பள்ளிக்கூட உடுப்பு என்று யார் யாரோ கொண்டுவந்து தந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பக்கங்கள் அந்நியமாக இராது. புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தால் என்ன, படத்தைக் காட்டி உங்கள் வாயால் தமிழில் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளை படத்தைத்தான் வாசிக்கிறது.

முதல் வகைப் புத்தகங்களும் தேவையானவைதான். லெஸ்லியா நியூமன் எழுதி 1989 இல் வந்த ‘ஹெதர் ஹேஸ் டூ மம்மீஸ்’ அவற்றில் முன்னோடி. அதில் வரும் இரண்டு அம்மாக்களும் இணையராக வாழ்பவர்கள். கதையின் நடுவில் உங்கள் முன்பள்ளியில் நடந்ததே நடக்கிறது. மற்றப் பிள்ளைகள் அப்பாவைப் பற்றிப் பேச, தனக்கு அப்பா இல்லையே என்று ஹெதருக்குத் தோன்றுகிறது. அங்கே ஆசிரியை எல்லாப் பிள்ளைகளையும் அவரவர் குடும்பத்தைக் கீறச் சொல்கிறார். கீறி முடித்துப் பார்த்தால் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. முதல் பதிப்பில் ஹெதர் எப்படிப் பிறந்தாள் என்று விளக்கும் பக்கங்களும் இருந்தன. பின்னால் வந்த பதிப்பில் அவற்றை எடுத்துவிட்டார்கள். எடுத்தது நல்லதே என்பது என் எண்ணம். பெரியவர்கள் கேட்கக்கூடிய கேள்விக்கெல்லாம் பிள்ளையின் புத்தகத்தில் பதில் வைக்க வேண்டியதில்லை.

ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தால் கடைசிப் பக்கத்தை முதலில் பாருங்கள். காணாமல் போன தாய் திரும்பி வந்ததும்தான் குஞ்சுக்குச் சந்தோஷம் என்று முடியும் மிருகக் கதைகள் ஏராளம். தாய் தூரத்தில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு அந்த முடிவு ஆறுதல் தராது, இவ்வளவு நாள் தன்னை வளர்த்தவர்கள் எல்லாம் தற்காலிகம் என்றுதான் அது சொல்லும். ஊரே சேர்ந்து ‘பாவம்’ என்று பார்க்கும் பிள்ளை கதாநாயகியாக இருந்தாலும் வேண்டாம். பிறகு படங்களைக் கவனியுங்கள். யார் தலை இழுத்துவிடுகிறார்கள், காய்ச்சல் வந்தால் யார் பக்கத்தில் இருக்கிறார்கள், பிள்ளை விழுந்தால் யாரிடம் ஓடுகிறது? வளர்ப்பவர் யார் என்பதை நல்ல ஓவியர் அந்த இடங்களில் காட்டிவிடுவார்.

தமிழில் என்ன கிடைக்கும் என்றும் யோசிப்பீர்கள். உங்கள் வீட்டை அப்படியே காட்டும் புத்தகம் ஒன்றை என்னால் எடுத்துத் தர முடியவில்லை, அது எனக்கு வருத்தம்தான். ஆனால் தேடக்கூடிய இடங்கள் உண்டு. சென்னையில் 1996 முதல் இயங்கும் தூலிகா பதிப்பகம் தமிழ் உட்படப் பல மொழிகளில் படக்கதைகள் போடுகிறது. பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015 இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகவே எடுக்கலாம். அவை திறந்த உரிமத்தில் வருவதால் அச்சிடலாம், சொற்களை மாற்றிக்கொள்ளலாம். எழுதியவர், வரைந்தவர் பெயரை மட்டும் விடாமல் போட வேண்டும். நம் நாட்டில் ரூம் டு ரீட் நிறுவனம் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட்ட சிறுவர் புத்தகங்கள் பல பள்ளிக்கூட நூலகங்களில் இருக்கின்றன. அம்மம்மாவும் பேத்தியும், தாத்தாவும் பேரனும், ஊரும் ஒரு பிள்ளையும் என்று போகும் கதைகளை இவற்றில் தேடுங்கள்.

அச்சுப் புத்தகத்தை மட்டும் நம்பி இருக்கவும் வேண்டாம். சரவணப் பொய்கையில் முருகனுக்குப் பாலூட்டி வளர்த்தவர்கள் கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர். அவர்களால்தான் அவனுக்குக் கார்த்திகேயன் என்று பெயர். வெருகல் சித்திரவேலாயுதர் கோயிலுக்குப் போகும் வழியில் அந்தக் கதையைச் சொன்னால், ஒரு பிள்ளைக்கு ஆறு அம்மா என்பதை உங்கள் மகள் எந்தச் சிரமமும் இல்லாமல் விளங்கிக்கொள்வாள். கம்பன் பாடிய இராமன், ஓடம் விடும் குகனைச் சேர்த்து “குகனொடும் ஐவர் ஆனேம்” என்றான். பிறகு சுக்கிரீவனைச் சேர்த்து ஆறு பேர், இலங்கையிலிருந்து வந்த வீடணனையும் சேர்த்து ஏழு பேர் என்று எண்ணினான். கோணேசர் கோயிலடியில் இருக்கும் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவைப் பார்த்து வளரும் நம் பிள்ளைகளுக்கு இதைவிடக் கிட்டிய கதை ஏது? நபிகள் நாயகத்தின் கதையை மூத்தம்மாவிடம் கேளுங்கள். அவர் பிறக்குமுன்பே தந்தை போய்விட்டார், ஆறு வயதில் தாய் போனார், பாட்டனார் எடுத்து வளர்த்தார், எட்டு வயதில் அவரும் போக, பெரிய தந்தை அபூதாலிப் பார்த்துக்கொண்டார். அதற்குப் படப்புத்தகம் தேவையில்லை, மூத்தம்மாவின் வாய்ச் சொல்லே வழி.

அப்புறம், நீங்களே ஒரு புத்தகம் செய்யுங்கள். இதை நான் ஆறுதலுக்குச் சொல்லவில்லை. ‘எங்கட வீடு ஏன் புத்தகத்தில இல்ல’ என்ற கேள்விக்கு மிக நேரான பதில் இதுதான்.

நான்கு ஏ4 தாள்களைச் சேர்த்து நடுவில் மடித்தால் 16 பக்கம் வரும். வெளியே ஒரு பிரிஸ்டல் போர்ட் அட்டை. சாதாரண ஸ்டேப்லர் நடு மடிப்புவரை எட்டாது, ஆனால் உங்களிடம் தையல் மெஷின் இருக்கிறது. மடிப்பின் மேல் பெரிய தையலாக ஓட்டிவிடுங்கள். பழைய ஊசியைப் போடுங்கள், கடதாசி தைத்தால் ஊசி மழுங்கிவிடும். படம் முழுக்க மகள் கீறட்டும். அவள் சொல்வதை நீங்கள் எழுதுங்கள், அவள் சொன்ன சொல்லிலேயே, ஒரு எழுத்தும் திருத்தாமல்.

தலைப்பு ‘எங்கள் குடும்பம்’ என்று வேண்டாம். அப்படி வைத்தால் அதுவும் பாடப்புத்தகம் ஆகிவிடும். வீட்டில் நடந்த ஏதாவது ஒன்றை எடுங்கள். உதாரணமாக, கோணேசர் கோயிலுக்குப் போன அன்று கோட்டைக்குள் ஒரு மான் வாழைப்பழத்தைப் பறித்துக்கொண்டு ஓடியது என்று வைத்துக்கொள்வோம். மான் ஓட, பெரியம்மா பின்னால் ஓட, பிள்ளையின் சட்டை முள்ளில் கிழிய, வீட்டுக்கு வந்து அம்மா அதைத் தைக்க, மூத்தம்மா கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு இன்னொரு வாழைப்பழம் தர, வெள்ளிக்கிழமை குவைத் அம்மாவுக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி சொல்ல என்று கதை முடிந்துவிடும். யார் யாருக்கு என்ன உறவு என்று எங்கேயும் விளக்க வேண்டாம்.

தங்கையிடம் இரண்டு பக்கத்தை வாட்ஸப்பில் குரல் பதிவாக வாசித்து அனுப்பச் சொல்லுங்கள். அவள் வரும் பக்கத்தில் அவள் இப்போது இருக்கும் இடத்தையே மகள் கீறட்டும், ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்று தங்கையிடமே கேட்டுக் கீறலாம். அவள் திரும்பி வரும் நாள் வந்தால் அதற்குப் புதிதாக ஒரு புத்தகம் தைத்துக்கொள்ளலாம். அப்போது யாரை யார் எப்படிக் கூப்பிடுவது, பிள்ளை யாரோடு படுப்பது என்று நெருடல்கள் வரும். உங்கள் மூன்று பேருக்கும் அது லேசாக இராது. இப்போதே தங்கையையும் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டால் பிள்ளைக்காவது அது கொஞ்சம் எளிதாகும்.

மீசைக்காரரை மகள் இந்தப் புத்தகத்தில் கீறினால் கீறட்டும், விட்டால் விடட்டும். இரண்டுக்கும் நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

ரீச்சரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னதாகத் தெரியவில்லை. கடையில் விற்கும் குடும்பச் சார்ட்டில் இருப்பதை வைத்துச் சொல்லியிருக்கிறார். ஒரேயொரு மாற்றம் கேளுங்கள்: ‘அப்பாவையும் கீறுங்கோ’ என்பதற்குப் பதிலாக ‘வீட்டில உங்களைப் பார்க்கிற ஆக்களைக் கீறுங்கோ’ என்று சொல்ல முடியுமா என்று. அந்த வகுப்பிலேயே அம்மம்மாவிடம் வளரும் பிள்ளை இருக்கலாம், தாய் சவூதியில் இருக்கும் பிள்ளை இருக்கலாம், கடலுக்குப் போன அப்பா திரும்பாத பிள்ளை இருக்கலாம். நம் மாவட்டம் பட்டதற்கு இது ஒன்றும் அதிசயமில்லை. நீங்கள் தைத்த புத்தகத்தை ஒருநாள் வகுப்பில் வாசிக்கக் கொடுத்தால் ரீச்சர்கள் பெரும்பாலும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். முதலாம் தரத்துக்கு நாள் நெருங்குவதால் இன்னொன்று: பாதுகாவலர் சம்பந்தமான பத்திரங்களைப் பற்றிப் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரை இப்போதே பார்த்துக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனுக்கு இருக்கும் பயம் அவருக்கு மட்டும் உள்ளதல்ல. 2014 ஜூலையில் சிங்கப்பூர் தேசிய நூலகச் சபை, வேறு மாதிரியான குடும்பங்களைக் காட்டுகின்றன என்று முறைப்பாடுகள் வந்ததால், மூன்று படக்கதைகளைச் சிறுவர் பகுதியிலிருந்து எடுத்தது. ஒன்று நியூயோர்க் மிருகக்காட்சிசாலையில் இரண்டு ஆண் பென்குயின்கள் சேர்ந்து ஒரு முட்டையை அடைகாத்துக் குஞ்சை வளர்த்த உண்மைக் கதை. இன்னொன்று பிள்ளைகளைத் தத்தெடுப்பது பற்றியது. அதை எதிர்த்து மக்கள் பிள்ளைகளோடு நூலகத்துக்கு வந்து அமர்ந்து அந்தப் புத்தகங்களைச் சேர்ந்து வாசித்தார்கள். கடைசியில் இரண்டு புத்தகங்கள் பெரியவர் பகுதிக்குப் போயின, மூன்றாவது அதற்குள் கூழாக்கப்பட்டுவிட்டது. ஒரு நூலகராக அந்தச் செய்தி என்னை மிகவும் வருத்தியது. தத்தெடுத்த பிள்ளை ஒன்று தன் கதையைத் தேடிச் சிறுவர் பகுதிக்கு வந்திருந்தால் அதன் கையில் என்ன கொடுத்திருப்பார்கள்?

அண்ணனிடம் வாதாடாதீர்கள். மான் கதையில் அவருக்கும் ஒரு பக்கம் வையுங்கள். கோயிலுக்குக் கூட்டிப்போன ஓட்டோவை ஓட்டியவராகவோ, மானுக்குப் பயந்து முதலில் ஓடியவராகவோ மகளே ஒரு வேலை கொடுப்பாள். புத்தகம் தைத்து முடிந்ததும் மாமாதான் முதலில் வாசித்துக் காட்ட வேண்டும் என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள்.